வரைபடமும் காம்பஸும்: மலையில் நடப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்க விரும்பும் நண்பர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விடுமுறை நாட்களில் வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இடமும் ஆட்களும் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. தேவையான இடத்தில் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. செல்போனில் ஜிபிஎஸ் இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு?

செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையைக் கொண்டு இயங்குவதால், டவர் கிடைக்காத காட்டிலும் உங்கள் இருப்பிடத்தைச் சரியாகவே காட்டும். ஆனால் அந்த இடத்தின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்காதவருக்கு வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டுமே தெரியும். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

மழையில் நனைந்த விரலுக்குத் திரை பணிவதில்லை, குளிரில் பேட்டரி விரைவில் இறங்குகிறது என்பவையெல்லாம் எல்லோரும் அறிந்த காரணங்கள். எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. உள்ளங்கை அகலத் திரையில் ஒரு மலையின் முழு அமைப்பும் ஒரே பார்வையில் மனத்தில் பதிவதில்லை. தரையில் விரித்த தாளில் எந்த ஓடை எந்தப் பள்ளத்தாக்கில் சேர்கிறது, எந்த முகட்டைத் தாண்டினால் அடுத்த ஊர் வரும் என்பது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். புள்ளியை மட்டும் பார்த்து நடந்து பழகியவரிடம் செல்போனை வாங்கிக்கொண்டு, வந்த வழி எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விழிப்பார்.

2. எந்த வரைபடம் வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, 1767இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் தலப்படங்களே நமக்கு ஆதாரம். நடைப்பயணிகள் டோப்போ ஷீட் என்று சொல்வது இதைத்தான். 1:50,000 அளவுத்திட்டத்தில் உள்ள தாள் வேண்டும்; அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 500 மீட்டர். பொதுமக்களுக்கான வரிசைத் தாள்களைத் துறையின் இணையதளத்தில் பதிவுசெய்துகொண்டு பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

அச்சிடும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் அட்சரேகையில் ஒரு தாள் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் சதுரத்தைக் காட்டுகிறது. அப்படியானால் சரியான அளவில் அச்சிட்ட படம் பக்கத்துக்கு 55 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் அதை ஏ4 தாளில் அடக்கித் தந்துவிடுவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும்; ஆனால் அளவுத்திட்டம் செத்துப்போயிருக்கும். கட்டிட வரைபடம் அச்சிடும் கடையில் ஏ1 தாளில், அளவு மாற்றாமல் நூறு சதவீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். வாங்கியதும் அளவுகோலை வைத்து, ஓரத்திலுள்ள தூரக் கோட்டில் ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டராக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

3. 58 எஃப்/8 என்று ஏதோ எண் சொல்கிறார்களே, அது என்ன?

அது தாளின் முகவரி. நான்கு பாகைக்கு நான்கு பாகை அளவுள்ள பெரிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வடக்கு அட்சம் 8 முதல் 12 வரையும், கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 வரையும் உள்ள கட்டம் 58. தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். இந்தக் கட்டம் ஏ (A) முதல் பி (P) வரையிலான பதினாறு ஆங்கில எழுத்துகளாகவும், ஒவ்வோர் எழுத்தும் மீண்டும் பதினாறு எண்களாகவும் பிரிகிறது. எழுத்துகளும் எண்களும் வடமேற்கு மூலையில் தொடங்கி, மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக ஓடும். ஊட்டி 58 ஏ/11, கொடைக்கானல் 58 எஃப்/8. புதிய தாள்களில் வேறோர் எண்முறையும் உண்டு என்றாலும், பேச்சில் பழைய எண்தான் புழங்குகிறது.

கொடைக்கானல் செல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நகரம் 58 எஃப்/8 தாளின் கிழக்கு ஓரத்தை ஒட்டி அமைந்திருப்பதால், கிழக்கே ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தாலே தாள் முடிந்துவிடும். 58 எஃப்/12 தாளையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.

4. என்.சி.சி.யில் கண்ணாடி வைத்த கனமான காம்பஸ் கொடுத்தார்கள். அதுதானே நல்லது?

அந்தப் பட்டகக் காம்பஸ் தொலைவிலுள்ள பொருளின் திசைக்கோணத்தை, அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் கோணத்தை, துல்லியமாக அளப்பதில் சிறந்தது. ஆனால் அந்தக் கோணத்தைத் தாளில் வரையத் தனியாக ஒரு கோணமானி வேண்டும். நடைப்பயணத்துக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டின் மேல் சுழலும் வட்டு பொருத்திய காம்பஸே வசதியானது. அளவுகோல், கோணமானி, காம்பஸ் மூன்றும் ஒன்றாகவே இருக்கும். இந்த வடிவம் 1930களில் சுவீடனில் சில்வா நிறுவனத்தார் உருவாக்கியது. முள் திரவத்தில் மிதக்க வேண்டும், தட்டின் ஓரம் நேராக இருக்க வேண்டும், வட்டில் இரண்டு பாகைக்கு ஒரு கோடாவது இருக்க வேண்டும். இவை போதும்.

சாவிக்கொத்தில் தொங்கும் காம்பஸ் சாவிக்கொத்துக்கு அழகு. அதை நம்பிக் காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

5. பழுப்பு நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள் போகின்றனவே, அவற்றைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். காம்பஸைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும்; இந்தக் கோடுகளைப் படிக்க ஓராண்டு பிடிக்கும். வழியைக் கண்டுபிடித்துக் கொடுப்பவை பெரும்பாலும் இவைதான்.

கோடையில் ஏரி வற்றும்போது கரையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இறங்க இறங்க, ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு சேற்றுக்கோடு கரையைச் சுற்றிப் படிந்திருக்கும். ஒரு கோட்டின் மேல் எங்கு நின்றாலும் உயரம் ஒன்றே. கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில் கோடுகள் நெருங்கியும், மாடு இறங்கும் சரிவான துறையில் அகன்றும் இருக்கும். இப்போது மலையளவு ஆழமுள்ள ஓர் ஏரி, 20 மீட்டருக்கு ஒரு கோடு விட்டு வற்றியதாக எண்ணி மேலிருந்து பாருங்கள்; அதுதான் தலப்படத்தின் சம உயரக் கோடுகள். மலைப்பகுதித் தாள்களில் பொதுவாக அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே 20 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். ஐந்தாவது கோடு தடித்திருக்கும், அதாவது நூறு மீட்டருக்கு ஒன்று. கோடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் 50 மீட்டர் நடைக்கு 20 மீட்டர் ஏற்றம், மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம். அரை மில்லிமீட்டராக நெருங்கினால் சரிவு நாற்பது பாகையைத் தொடும். அங்கே கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது பாறைச்சுவர், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கோடுகள் வளைந்து கூர்மையாகும் இடங்களை அடுத்ததாகப் பாருங்கள். கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கி இருந்தால் அது ஓடை அரித்த பள்ளம். தாழ்வான பக்கத்தை நோக்கி இருந்தால் அது வெளியே நீளும் கிளைமுகடு. இரண்டு முகடுகளுக்கிடையே குதிரைச் சேணம்போல் தாழ்ந்திருப்பது கணவாய்; பழைய பாதைகள் பெரும்பாலும் அதன் வழியாகவே கடக்கும். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பரப்பில் இன்னொரு துணையும் உண்டு. மடிப்புகளில் சோலைக்காடும் முகடுகளில் புல்வெளியும் என்பதே அந்த நிலத்தின் இயல்பான அமைப்பு. ஆகவே சோலையின் ஓரத்தைத் தொட்டீர்கள் என்றால் ஒரு மடிப்பை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். சீகை மரமும் பைனும் யூகலிப்டஸும் நட்ட பகுதிகளில் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது.

6. முதலில் காம்பஸைப் பார்ப்பதா, வரைபடத்தைப் பார்ப்பதா?

நிலத்தைப் பாருங்கள். பிறகு வரைபடம், கடைசியில்தான் காம்பஸ். காம்பஸ் வடக்கு எது என்று சொல்லுமே தவிர, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒருபோதும் சொல்லாது. எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவருக்கு வடக்கு தெரிந்து பயனில்லை.

புறப்படும் இடத்திலேயே வரைபடத்தை நிலத்தோடு பொருத்துங்கள். தாளைத் தட்டையாகப் பிடித்து, அதன் மேல் காம்பஸை வைத்து, தாளின் வடக்கும் முள்ளின் வடக்கும் ஒரே பக்கம் பார்க்கும்வரை நீங்கள் தாளோடு சேர்ந்து திரும்புங்கள். இப்போது தாளில் இடப்பக்கம் இருக்கும் மலை நிலத்திலும் இடப்பக்கம் இருக்கும். எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தால் தெரியட்டும். படிப்பதற்காகத் தாளைத் திருப்பிவிடாதீர்கள். கடைசியாக உறுதி செய்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, நடக்க நடக்க அதை நகர்த்திக்கொண்டே வந்தால், பின்வரும் கேள்விகளில் பாதிக்குத் தேவையே இருக்காது.

7. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திசைக்கோணம் எடுப்பது எப்படி?

தட்டின் நீண்ட ஓரத்தை, நிற்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் இணைக்கும்படி தாளில் வையுங்கள். தட்டில் பொறித்த அம்புக்குறி போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். தட்டை அசைக்காமல் வட்டைச் சுழற்றி, அதனுள் இருக்கும் இணைகோடுகளைத் தாளின் வடக்குத் தெற்குக் கோடுகளுக்கு இணையாக்குங்கள். வட்டின் வடக்குக் குறி தாளின் மேற்பக்கம் இருக்க வேண்டும். இதுவரை முள்ளைப் பார்க்க வேண்டியதே இல்லை. இனி காம்பஸை எடுத்து வயிற்றுக்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்து, முள்ளின் சிவப்பு முனை வட்டிலுள்ள அம்புக்குள் வந்து அமரும்வரை உடலோடு திரும்புங்கள். தட்டின் அம்பு காட்டுவதே நீங்கள் போக வேண்டிய திசை.

முள்ளையே பார்த்துக்கொண்டு நடந்தால் கல்லில் இடறுவீர்கள், திசையும் நழுவும். அந்தத் திசையில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு, காம்பஸைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு அதுவரை நடங்கள். பிறகு அடுத்த குறி. பழகியவர்களும் செய்யும் பிழை ஒன்றுண்டு. அம்பையோ வட்டையோ தலைகீழாக வைத்து, நேர் எதிர்த்திசையில் போய்விடுவார்கள். அளக்கும் முன்பே வாய்விட்டு ஓர் உத்தேசம் சொல்லிவிடுங்கள். ஊட்டி ஏரிக்கரையிலிருந்து தொட்டபெட்டா ஏறக்குறைய கிழக்கே இருக்கிறது, ஆகவே விடை 90 பாகையை ஒட்டி வர வேண்டும். 270 வந்தால் எங்கோ திருப்பி வைத்திருக்கிறீர்கள்.

8. மூன்று வடக்கு உண்டு என்று படித்தேன். நம் ஊரில் அதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டுமா?

பூமியின் சுழல் அச்சைக் கொண்டு சொல்வது உண்மை வடக்கு. தாளில் அச்சிட்ட கட்டங்களின் செங்குத்துக் கோடு காட்டுவது கட்ட வடக்கு. முள் காட்டுவது காந்த வடக்கு. உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணமே பள்ளிப் பாடத்தில் வந்த காந்த ஒதுக்கம். தமிழ்நாட்டில் அது இப்போது ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு பாகை மேற்கு. ஒரு பாகை பிழைத்தால் ஒரு கிலோமீட்டர் நடையில் 17 மீட்டர்தான் விலகுவோம். கை நடுக்கமே அதைவிடப் பெரிய பிழையை உண்டாக்கும் என்பதால், இங்கே குறுகிய நடைக்கு அதைப் பொருட்படுத்தாமல் விட்டாலும் பாதகமில்லை. சரியாகச் செய்ய விரும்புபவர், தாளில் அளந்த கோணத்தோடு ஒதுக்கத்தைக் கூட்டி நடக்க வேண்டும். நிலத்தில் அளந்ததைத் தாளில் வரையும்போது கழிக்க வேண்டும். ஒதுக்கம் மேற்காக இருக்கும் ஊர்களுக்கே இந்த விதி பொருந்தும்.

இந்தச் சலுகை நம் ஊருக்கு மட்டுமே. அமெரிக்காவின் சியாட்டிலில் ஒதுக்கம் சுமார் 15 பாகை கிழக்கு; அங்கே அதை மறந்தால் கிலோமீட்டருக்கு 260 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். காந்த வடதுருவம் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் வடகோடியில் கண்டார். அதன் பிறகு அது சைபீரியாவை நோக்கி வெகுதூரம் நகர்ந்துவிட்டது. ஆகவே பழைய தாளின் ஓரத்தில் அச்சிட்ட ஒதுக்க அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. எவ்வளவு தூரம் நடந்தோம் என்று எப்படிக் கணக்கு வைப்பது?

இரண்டு வழிகள்: காலடி எண்ணுவது, நேரம் பார்ப்பது. பள்ளி மைதானத்தில் நூறு மீட்டரை அளந்து, இடது கால் தரையைத் தொடும் எண்ணிக்கையை மட்டும் எண்ணி நடங்கள். பெரும்பாலானோருக்கு 60 முதல் 70 வரும். எனக்குச் சமதளத்தில் 62. ஏற்றத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள், அதுவே 85 ஆகிவிடுகிறது. நூறு மீட்டர் ஆனதும் ஒரு புளியங்கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவேன். பத்துக் கொட்டையும் மாறினால் ஒரு கிலோமீட்டர். மனக்கணக்கு பேச்சில் மறந்துபோகும், கொட்டை மறக்காது.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் தூரமும் 450 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 72 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நம் வெயிலுக்கும், குழுவாகப் போகும்போது படம் எடுக்க நிற்பவர்களுக்கும் சேர்த்து நான் ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன்.

10. காம்பஸ் தவறாகக் காட்டுமா?

முள் பொய் சொல்லாது. அருகிலுள்ள இரும்பையும் காந்தத்தையும் சேர்த்துத்தான் உண்மை சொல்லும். செல்போன், காந்தப் பூட்டு வைத்த பை, ஜீப், கம்பிவேலி, மின்கம்பி எல்லாமே அதை இழுக்கும். சேலத்துக் கஞ்சமலை போன்ற இரும்புத்தாது மலைகளில் பாறையே இழுக்கும்.

இதை நான் கற்றது ஒரு பரீட்சை அட்டையிடம். காற்றில் தாள் பறக்காமலிருக்க, எஃகு கிளிப் வைத்த பரீட்சை அட்டையில் வரைபடத்தைச் செருகிக்கொண்டு ஒரு புல்வெளியில் மாணவர்களுக்குத் திசைக்கோணம் எடுத்துக் காட்டினேன். ஒரே சிகரத்துக்கு ஒருமுறை 40 என்று வந்தது, மறுமுறை 65 என்று வந்தது. கோணம் அளக்கத் தெரியவில்லை என்று ஒரு பையனைக் கடிந்துகொள்ளவும் செய்துவிட்டேன். அவன்தான் அட்டையைக் காம்பஸுக்கு அருகே கொண்டுபோய், முள் கிளிப்பை நோக்கித் திரும்புவதைக் காட்டினான். இப்போது தாளை ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையில்தான் வைக்கிறேன்.

செல்போன் உறையின் காந்தத்தோடு ஒரே பையில் நீண்ட நாள் கிடந்த காம்பஸின் துருவங்கள் மாறி, சிவப்பு முனை தெற்கைக் காட்டுவதும் நடக்கும். புறப்படும் நாளன்று காலையில் சூரியனைப் பார்த்து நின்று, சிவப்பு முனை இடது கைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

11. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த காம்பஸின் முள் ஒரு பக்கம் சாய்ந்து தட்டுகிறது. பழுதா?

பழுதில்லை, ஊர் மாறிவிட்டது. பூமியின் காந்தப்புலம் துருவத்தை நெருங்க நெருங்கத் தரைக்குள் சாய்கிறது. இதுவே காந்தச் சரிவு. வட ஐரோப்பாவில் இந்தச் சரிவு எழுபது பாகைக்கு மேல் இருப்பதால், வடமுனை கீழே இழுபடாமலிருக்க, அங்கே விற்கும் காம்பஸின் தென்முனையில் எடை கூட்டியிருப்பார்கள். நம் தென்கோடியிலோ காந்த நடுக்கோடு அருகிலேயே செல்கிறது. 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததே அதனால்தான். சரிவு ஏறக்குறைய சுழியமாகிவிட்ட இடத்தில் அந்தக் கூடுதல் எடைக்கு வேலையில்லை. தென்முனை தொங்கி, வட்டின் அடியில் உரசுகிறது.

அவசரத்துக்குத் தட்டைச் சற்றே சாய்த்து, முள் தடையின்றிச் சுழலும்படி பிடித்துப் படிக்கலாம். புதிதாக வாங்குபவர்கள் இந்தப் பகுதிக்குச் சமன்செய்ததா, அல்லது எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்தும் முள்ளா என்று கேட்டு வாங்குங்கள்.

12. எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை, ஆனால் தூரத்தில் மலைகள் தெரிகின்றன. கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். தாளிலும் நிலத்திலும் ஐயமின்றி அடையாளம் காணக்கூடிய ஒரு சிகரத்தைத் தேர்ந்தெடுங்கள். காம்பஸில் அது 312 பாகை என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் கேள்வியில் சொன்னபடி இரண்டைக் கழித்தால் 310. சிகரத்திலிருந்து நம்மைப் பார்க்கும் கோணம் அதிலிருந்து 180 குறைந்தது, அதாவது 130. தாளில் சிகரத்திலிருந்து 130 பாகையில் ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின் மேல் எங்கோதான் நிற்கிறீர்கள். வேறொரு திசையிலுள்ள சிகரத்துக்கும் இப்படியே செய்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் உங்கள் இடம். இரண்டு சிகரங்களுக்கும் இடையிலான கோணம் தொண்ணூறை ஒட்டி இருப்பது நல்லது. முப்பதுக்குக் குறைந்தால் வெட்டுமிடம் நம்பத்தக்கதாக இருக்காது. ஏற்கெனவே ஒரு பாதையிலோ முகட்டிலோ நிற்பது உறுதியென்றால் ஒரே சிகரம் போதும்.

நம் தாள்கள் பிறந்த கணக்கும் இதற்கு நெருங்கிய உறவுதான். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளக்கத் தொடங்கினார். குன்றில்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களையே குன்றாகக் கொண்டார். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி மோதிச் சேதமடைந்தது. தலப்படத்தில் உயர எண்ணோடு சிறு முக்கோணக் குறி தெரிந்தால், அது இப்படி அளந்த புள்ளி என்று அறியலாம்.

13. மூடுபனி இறங்கி எதுவுமே தெரியவில்லை என்றால்?

பன்னிரண்டாம் பதில் அப்போது பயன்படாது. ஐந்தும் ஏழும் ஒன்பதும் பயன்படும். நேர்க்கோட்டில் போக முயலாமல், தொட்டுக்கொண்டே போகக்கூடிய ஒன்றைத் தேடுங்கள்: முகடு, சோலையின் ஓரம், பழைய வண்டிப்பாதை. எது வந்தால் தாண்டிவிட்டோம் என்று பொருள் என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வேண்டுமென்றே குறி தவறுவது இன்னொரு உத்தி. ஓடைக்கரையிலுள்ள கூடாரத்தை நோக்கி ஒரு கிலோமீட்டர் நேராக நடந்து ஓடையை அடைந்து, அங்கே கூடாரம் இல்லையென்றால், இடப்பக்கம் தேடுவதா வலப்பக்கம் தேடுவதா? பத்துப் பாகை இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்தால் கூடாரத்துக்கு இடப்பக்கம் சுமார் 175 மீட்டரில் ஓடையைத் தொடுவீர்கள். பிறகு யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பலாம்.

14. வழி தவறிவிட்டால் ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்கிறார்களே?

சமவெளியில் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்புகளில் ஓடை குறுக்குவழியாக இறங்கும், அருவியாக. கொடைக்கானல் தூண் பாறைகளின் உயரம் 400 அடி; மலை அங்கே அறுத்துவிட்டதுபோல் நிற்கிறது. ஓடையைத் தொடர்ந்தவர் இரண்டு பாறைகளை எப்படியோ சறுக்கி இறங்கி, மூன்றாவதை இறங்கவும் முடியாமல், முதல் இரண்டை ஏறவும் முடியாமல் மாட்டிக்கொள்வார். மாலை நேரத்தில் யானையும் காட்டுமாடும் தண்ணீருக்கு வரும் வழியும் அதுதான்.

முதலில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தோம் என்று பாருங்கள். இருபது நிமிடம் என்றால், அந்த இடத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறீர்கள். வந்த வழி தெரிந்தால் திரும்புங்கள். தெரியாவிட்டால், பாதுகாப்பாக ஏற முடிகிற முகடு ஏதேனும் அருகில் இருந்தால் அங்கே ஏறுங்கள். பார்வையும் டவரும் கிடைக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். 112 எண்ணை அழைக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் உலகெங்கும் அறிந்த அபயக் குரல். இருட்டிவிட்டால் நகர வேண்டாம்.

15. காம்பஸ் இல்லாமல் கைக்கடிகாரம், துருவ நட்சத்திரம் வைத்துத் திசை பார்க்கலாமே?

மணி முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துத் தெற்கைக் காணும் உத்தி ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்கும். கொடைக்கானலிலோ ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கிறது. அந்த மாதங்களில் கடிகார உத்தி நேர் எதிர்த்திசைக்கே அழைத்துப் போகக்கூடும். காலைச் சூரியன் பரவாயில்லை, ஆனால் ஜூன் பிற்பாதியில் அதுவும் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளித்தான் உதிக்கும்.

துருவ நட்சத்திரத்தின் உயரம் நீங்கள் நிற்கும் அட்சரேகைக்குச் சமம். பழனி மலையில் அது பத்துப் பாகை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை, அவ்வளவு தாழ்வில் ஒரு மரமே அதை மறைத்துவிடும். கோயில் கிழக்கு நோக்கித்தானே இருக்கும் என்று கேட்பவர்கள், மயிலாப்பூர் கபாலீசுவரர் மேற்கு நோக்கியிருப்பதை நினைவில் வைக்கவும்.

16. செல்போன் காட்டும் இடத்தைத் தாளில் குறித்தால் பள்ளத்துக்குள் விழுகிறது. நான் நிற்பதோ முகட்டில். எது தவறு?

பெரும்பாலும் இரண்டுமே சரி. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணித உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ்ஸும் பொதுமக்களுக்கான புதிய வரிசைத் தாள்களும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் அடிப்படையைக் கொண்டவை. ஒரே அட்ச தீர்க்க எண்கள் இரண்டிலும் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழும். தாளின் ஓரத்தில் எந்த அடிப்படை என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவும் பொருந்தியிருந்தால், இரண்டாம் பதிலில் சொன்ன அச்சுப் பிழையைச் சோதியுங்கள்.

தாளில் இருக்கும் பாதை நிலத்தில் இல்லாமல் போவது வேறு கதை. மலையின் வடிவம் மாறாது. பாதை ஐந்து மழைக்காலத்தில் மூடிவிடும். மாறாக, தாளில் இல்லாத அகலமான, சீரான சரிவுள்ள பாதை ஒன்று கண்முன் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது யானைத்தடம்.

17. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகவே முடியாது. பிறகு நான் எதற்கு இதைக் கற்க வேண்டும்?

அனுமதியின்றிப் போக முடியாது என்பது சரி, போகவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 முதல் வனத்துறையே பாதைகளை அறிவித்து, இணையத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. அந்த வழிகாட்டிகள் பலர் மலையிலேயே பிறந்தவர்கள். தாளைப் பார்க்காமலே எந்தச் சோலைக்குப் பின்னால் எந்த ஓடை என்று சொல்வார்கள். அவர்களோடு நடக்கும்போது தாளை விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். தாளில் பெயரில்லாத பாறைகளுக்கும் பள்ளங்களுக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. என் 58 எஃப்/8 தாளில் பென்சிலால் எழுதிய பெயர்கள் இப்போது அச்சிட்ட பெயர்களுக்குச் சமமாக இருக்கின்றன.

பயிற்சிக்குக் காடு தேவையில்லை. உங்கள் ஊர்த் தாளை இறக்கி, ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் நின்று, ஆறாம் பதிலில் சொன்னபடி தாளை நிலத்தோடு பொருத்துங்கள். தண்ணீர்த்தொட்டி, கோபுரம், குன்று மூன்றையும் வைத்துப் பன்னிரண்டாம் பதிலைச் செய்து பாருங்கள். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டாமல் ஒரு சிறு முக்கோணமாகத்தான் அமையும். அந்த முக்கோணம் தாளில் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கினால் மலைக்குப் புறப்படலாம்.